கணக்கு டீச்சரிடம் கேளுங்கள்: ரப்பரைத் தூரப் போட்டுவிட்டு

மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் 24 வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். என் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கடல்பாசி எடுக்கிறவர் அல்லது மீன் விற்கிறவர். கணக்கு பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில்.

கேள்வி (பாம்பன், ஓர் அம்மா): டீச்சர், என் மகன் எட்டாவது. கழித்தல்கூட வரவில்லை. ஆனால் என்னோடு மீன் விற்க வந்தால் சில்லறையை டக்கென்று சொல்கிறான். இவன் ஏமாற்றுகிறானா?

பதில்: ஏமாற்றவில்லை அம்மா. போன வருடம் இதே மாதிரி ஒரு பையன் என்னிடம் இருந்தான். 403-லிருந்து 187-ஐக் கழிக்கச் சொன்னேன். நோட்டில் 384 என்று எழுதினான். அதே கணக்கை, "403 ரூபாய் கையில் இருக்கு, 187 ரூபாய்க்கு ஐஸ் வாங்கினால் மிச்சம் எவ்வளவு?" என்று வாயால் கேட்டேன். கண்ணை மேலே உருட்டிவிட்டு, "187-க்கு 13 போட்டா 200. அங்கிருந்து 203. மொத்தம் 216" என்றான். சரியான விடை.

384 எப்படி வந்தது? அவன் மூன்று இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். 7-ல் 3 போனால் 4, 8-ல் 0 போனால் 8, 4-ல் 1 போனால் 3. ஒரே தவறு, ஒன்றிலும் பத்திலும் இரண்டு தடவை. கடன் வாங்குவது என்ன என்று மூன்றாம் வகுப்பில் யாரும் அவனுக்குப் புரிய வைக்கவில்லை, அவ்வளவுதான். பத்து ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகளை மேஜையில் பரப்பி மாற்றிக் காட்டினேன். நாலு நாளில் பிடித்துக்கொண்டான்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. பிரேசிலில் ரெசிஃபே நகரத்துத் தெருவில் வியாபாரம் பார்த்த 5 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு 1985-ல் வந்தது. வியாபாரத்தில் 98 சதவீதம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள். தலையில் கணக்கு இருக்கிறது. தாளுக்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் செய்யுங்கள். வீட்டில் இருக்கிற ரப்பரைத் தூரப் போடுங்கள். அந்த 384-ஐ அவன் அழித்திருந்தால் என்னால் கண்டுபிடித்திருக்க முடியாது. தப்பை ஒரு கோடு போட்டு அடிக்கட்டும், அழிக்க வேண்டாம்.

கேள்வி (ராமநாதபுரம், பத்தாம் வகுப்பு): மிஸ், 35 வாங்கினால் போதும். என்ன படிக்க?

பதில்: 35 போதும் என்று உட்கார்ந்தால் 28 வரும். 50-க்குக் குறி வை. எட்டு மதிப்பெண் கேள்வி இரண்டு: ஒன்று வரைபடம், ஒன்று செய்முறை வடிவியல். அதிலேயே 16. ஒரு மதிப்பெண் 14. இந்த 30-ஐ இரண்டு மாதத்தில் கைக்குக் கொண்டுவரலாம். அப்புறம் உறவுகளும் சார்புகளும், புள்ளியியல், அணிகள். தினமும் ஒரு வரைபடம் போடு, அளவுத்திட்டத்தை ஓரத்தில் எழுத மறக்காதே.

கேள்வி (கீழக்கரை): அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா டீச்சர்? வாப்பா சவூதியிலிருந்து பணம் அனுப்புகிறேன் என்கிறார்.

பதில்: அந்தப் பணத்தில் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் வாங்குங்கள். கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாததால் கணக்கை விடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி (புதிதாகச் சேர்ந்த ஆசிரியர், திருவாடானை பக்கம்): எஸ்கலாண்டே பற்றிப் படித்தேன். நானும் இந்த ஒரு வருடத்தில் என் வகுப்பை அப்படி மாற்ற நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: தம்பி, ஆசை நல்லது. ஆனால் வருடக் கணக்கைப் பாருங்கள். ஹைமே எஸ்கலாண்டே பொலிவியாவிலிருந்து அமெரிக்கா போன கணக்கு ஆசிரியர். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ஃபீல்டு பள்ளியில் 1974-ல் சேர்ந்தார். நுண்கணித வகுப்பைத் தொடங்கியதே 1978-ல், விரல் விட்டு எண்ணும் அளவுப் பிள்ளைகளோடு. 1982-ல் கல்லூரி அளவிலான ஏ.பி. நுண்கணிதத் தேர்வில் 18 பேர் தேர்ச்சி பெற்றார்கள். விடைத்தாள்களில் ஒரே மாதிரித் தவறுகள் இருந்ததால் 14 பேர் மேல் சந்தேகம் வந்தது. 12 பேர் மறுபடி எழுதினார்கள், 12 பேரும் தேறினார்கள். ஆக எட்டு வருடம். அதிலும் கோடை வகுப்பு, கீழ் வகுப்புகளிலிருந்தே அடித்தளம், துணைக்கு நின்ற தலைமை ஆசிரியர் எல்லாம் இருந்தன. 1991-ல் அவர் பள்ளியை விட்டுப் போனதும் அந்த வகுப்பு தளர்ந்து போனது. அதையும் சேர்த்துப் படியுங்கள்.

உங்களுக்கு என் யோசனை: பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு ஆறாம் வகுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள், சுலபமாகக் கிடைக்கும். முதல் மாதம் பாடமே நடத்தாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் விட்டது என்று பாருங்கள். ரப்பரை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீட் தேர்வுக்கு இயற்பியல் எந்தப் புத்தகம் நல்லது?

பதில்: நான் கணக்கு டீச்சர். உங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி (ராமேஸ்வரம், ஒரு அப்பா): பையன் ஒன்பதாவது. படகுக்கு வருகிறேன் என்கிறான். பின்னம் படித்து என்ன கிழிக்கப்போகிறேன் என்று கேட்கிறான். என்ன சொல்ல?

பதில்: அவனிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். மீன் விற்றது 84,000. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் 48,000. மிச்சம் 36,000. பாதி படகுக்கு, பாதி ஆட்களுக்கு. டிரைவருக்கு இரண்டு பங்கு, நாலு ஆளுக்கு ஒவ்வொன்று. மொத்தம் ஆறு பங்கு. ஒரு பங்கு எவ்வளவு? 3,000 என்பான். அதுதான் பின்னம் என்று சொல்லுங்கள்.

இடையில் ஒருவர் (தங்கச்சிமடம்): டீச்சர், உங்கள் கணக்கு தப்பு. எங்கள் படகில் டிரைவருக்கு ஒன்றரைப் பங்குதான்.

பதில்: சரி அண்ணே, அப்படியே வைப்போம். ஒன்றரையும் நாலும் ஐந்தரை. 18,000-ஐ ஐந்தரையால் வகுக்க வேண்டும், அதாவது 36,000-ஐ 11-ஆல். ஒரு பங்கு 3,272 ரூபாய் 73 காசு. என் கணக்கை விட உங்கள் கணக்கு நல்ல பரீட்சைக் கேள்வி.

இன்னொருவர் (மண்டபம்): இரண்டு பேரும் தப்பு. டிரைவரின் கூடுதல் பங்கைப் படகுக்காரர்தான் தர வேண்டும், ஆட்கள் பாதியிலிருந்து எடுக்கக் கூடாது.

தங்கச்சிமடத்துக்காரர்: அது எந்த ஊர் நியாயம்? வலை கிழிந்தால் ஆட்களா தைத்துக் கொடுக்கிறார்கள்?

பதில்: சண்டை வேண்டாம், இரண்டையும் போட்டுப் பார்ப்போம். டிரைவரோடு சேர்த்து ஐந்து பேர், 18,000-ஐ ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 3,600. டிரைவருக்கு இன்னொரு 3,600 படகுப் பாதியிலிருந்து. படகுக்கு 14,400. கூட்டிப் பாருங்கள், 36,000 சரியாக வரும். அதே மீன், அதே செலவு. ஆனால் ஓர் ஆளின் கையில் 3,000-க்குப் பதில் 3,600. டிரைவரின் கூடுதல் பங்கு எந்தப் பாதியிலிருந்து போகிறது என்பதில் 600 ரூபாய் இருக்கிறது. எதை எத்தனையால் வகுப்பது என்று தடுமாறுகிற பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

மண்டபத்துக்காரர்: அப்போ நான் சொன்னதுதான் நியாயம் என்று டீச்சரே சொல்லிவிட்டார்!

பதில்: நான் நியாயம் சொல்லவில்லை, வகுத்தல் சொன்னேன். படகுக்காரருக்கு வலைச் செலவு, இன்ஜின் செலவு உண்டு. அதைக் கணக்கில் எடுத்தால் படம் மாறும். அதை நீங்கள் கரையில் பேசிக்கொள்ளுங்கள்.

(இதற்குப் பிறகும் இருபது பேர் பங்கு பற்றியே எழுதியிருக்கிறீர்கள். கரைவலைப் பங்கு எப்படி என்று தேவிப்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் நீளமாகச் சொல்லியிருக்கிறார். அதை வகுப்பில் கேள்வியாகப் போடப்போகிறேன். மற்றவர்கள் மன்னிக்கவும், உங்கள் கேள்விகள் ஓரத்திலேயே கிடந்தன.)

கேள்வி: என் பெண்ணுக்குக் கணக்கு வராது டீச்சர், என்ன செய்யலாம்?

பதில்: முதல் பதிலை வாசியுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கும் கணக்கே வராது...

பதில்: முதல் பதில். "வராது" என்று அவன் காதுபடச் சொல்லாதீர்கள்.

கேள்வி (ஏர்வாடி, ஏழாவது படிக்கும் பெண்): மைனஸ் ஐந்திலிருந்து மைனஸ் இரண்டைக் கழித்தால் எப்படி மைனஸ் மூன்று? குறைய வேண்டும்தானே?

பதில்: இதுதான் கேள்வி! உன் அப்பா சம்மாட்டியிடம் (படகு முதலாளியிடம்) 5,000 முன்பணம் வாங்கியிருக்கிறார். அவர் கணக்கு −5,000. சம்மாட்டி, "அதில் 2,000 கடனை எடுத்துவிடு" என்கிறார். கடனை எடுப்பது கழித்தல். இப்போது கணக்கு −3,000. கடன் குறைந்தால் அப்பா மேலே வருகிறார், கீழே போகவில்லை. கோடு போட்டு, −5-லிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தார் என்று நீயே குறித்துப் பார்.

கேள்வி (தொண்டி): மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: என்.எம்.எம்.எஸ். அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாவது படிக்கும் பிள்ளைகள் எழுதலாம், குடும்ப வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய். வருமானச் சான்றிதழுக்கு இப்போதே அலையுங்கள், கடைசி வாரத்தில் சர்வர் வேலை செய்யாது.

கேள்வி: கோடை வகுப்பு எப்போது டீச்சர்?

பதில்: மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது, 61 நாள். அப்பாக்கள் கரையில் இருப்பார்கள், அனுப்பி வைக்க ஆள் உண்டு. வெயிலுக்கு முன்னால், காலை ஆறரைக்குப் பள்ளித் திண்ணையில். இந்த வருடம் பங்குக் கணக்கோடு தொடங்குகிறேன், சண்டை போட்ட இரண்டு அண்ணன்களும் வந்தால் நல்லது.

கேள்வி: பென்சில் கொண்டுவரணுமா, பேனாவா?

பதில்: பேனா.