14 மாதமாகியும் உட்காராத குழந்தை: எண்ணெய் தேய்த்தால் சரியாகுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அக்கா மகனுக்கு 14 மாதம். குறைமாதத்தில் பிறந்தவன். இன்னும் உட்காரவில்லை, கால்கள் விறைப்பாக இருக்கின்றன. டாக்டர் 'பெருமூளை வாதம்' என்கிறார். பாட்டியோ எண்ணெய் தேய்த்தால் போதும் என்கிறார்.

எண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை. அது மட்டும் போதாது. கோளாறு காலில் இல்லை, மூளையில். வளரும் மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது. குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. கிரகணமும் காரணமில்லை, அக்கா சாப்பிட்டதும் காரணமில்லை (யாராவது சொல்லியிருப்பார்கள்!).

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு கூடிக்கொண்டே போகாது. ஆனால் சும்மா விட்டால் தசை இறுகி மூட்டு மடங்கிவிடும். அதனால்தான் பிசியோதெரபியை இப்போதே தொடங்கச் சொல்கிறார்கள்.

வீட்டில் முக்கியம் சாப்பாடு. மல்லாக்கப் படுக்கவைத்துக் கஞ்சி புகட்டாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். முதுகுக்கு அணைப்புக் கொடுத்து உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல், சின்ன ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்கிறதா? நம் வழக்கப்படி இரு காலையும் அகட்டி இடுப்பில் தூக்கிவைப்பதே நல்லது.

புத்தி குறைவு என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இதில் உண்டு. கண், காது பரிசோதனை அவசியம். வலிப்பு வந்தால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பக்கத்திலேயே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நிலையும் அடங்கும். யூடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டை) விண்ணப்பித்துவிடுங்கள். அப்புறம், மத்திய அரசின் 'நிரமயா' மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும், தெரபி செலவும் அதில் சேரும்.