நிலத்தை அடமானம் வைக்கும் முன் ஒரு போர்டை வாங்குங்கள்

ஐயா, தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கலந்தாய்வில் மகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு கிடைக்கும் நிலையில், கணினி அறிவியல் இல்லாவிட்டால் எதிர்காலமே இல்லை என்று உங்கள் மைத்துனர் நெருக்குவதால், நிலத்தை அடமானம் வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை, வைக்காதீர்கள். பழுதான பம்ப்செட் ஸ்டார்ட்டரை மகள் தானே பிரித்துச் சரிசெய்ததாகக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதல் வரியில் வந்திருக்க வேண்டிய செய்தி அதுதான்.

வாகனம், மின்மீட்டர், மருத்துவக் கருவி எதுவானாலும் உள்ளே ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அதாவது அதை இயக்கும் சின்னஞ்சிறு கணினிச் சிப், இருக்கிறது. அதற்கு நிரல் எழுதும் எம்பெடட் வேலையை உறவினர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. மகளுக்கு அது ஒத்துவருமா என்று பார்க்க நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. நியூக்ளியோ எஃப்446ஆர்இ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பயிற்சிப் போர்டு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். 180 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் சிப், 512 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம் ஆகியவற்றோடு, நிரலை ஏற்றிச் சோதிக்கும் எஸ்டி-லிங்க் டிபக்கரும் அதிலேயே இருப்பதால், அதற்கென்று தனிக்கருவி வாங்க வேண்டியதில்லை. எழுதவும் தொகுக்கவும் பிழை தேடவும் உதவும் எஸ்டிஎம்32கியூப் ஐடிஇ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

முதல் நாளே எல்லாம் ஓடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். போர்டுக்கு மினி யுஎஸ்பி கேபிள் தேவை. வீட்டில் கிடக்கும் பழைய கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுவதாக இருந்தால், விளக்கு எரியும், ஆனால் கணினிக்குப் போர்டு தெரியாது. (இந்த இடத்தில் அரை நாளைத் தொலைக்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.) கணினியில் இருப்பது லினக்ஸாக இருந்தால் யுஎஸ்பி அனுமதி விதிகளையும் சேர்க்க வேண்டியிருக்கும். பிறகு மகள், சிப்பின் பிஏ5 என்ற முனையில் உள்ள பச்சை எல்இடியை அரை நொடிக்கொருமுறை சிமிட்டச் செய்து, நிரலை ஒரு வரியில் நிறுத்தி, பதிவேடுகளின் (சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடங்களின்) மதிப்பு மாறுவதைப் பார்க்கட்டும். அடுத்து, சீரியல் வழியாக, அதாவது பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இணைப்பில், ஒரு சொல்லைக் கணினித் திரைக்கு அனுப்பட்டும்; போர்டிலும் கணினியிலும் வேகம் ஒன்றாக, எடுத்துக்காட்டாக நொடிக்கு 115200 பிட் என்று, இல்லாவிட்டால் திரையில் வெறும் குப்பை எழுத்துகளே வரும். சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் கடிகார அமைப்பில், துடிப்பு தரும் தனிப் பாகமான வெளிக் கிரிஸ்டல் என்று தேர்ந்தெடுத்தால் நிரல் தொடக்கத்திலேயே நின்றுவிடலாம். ஏனெனில் இந்தப் போர்டில் 8 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு எஸ்டி-லிங்க் பகுதியிலிருந்து வருகிறது, ஆகவே வெளியிலிருந்து வரும் துடிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும் பைபாஸ் முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்தகைய சிக்கல்களில் மகள் எரிச்சலடைந்து போர்டை மூடி வைக்கிறாரா, கையேட்டைப் புரட்டி இரவு பத்து மணிக்கும் விடாமல் தேடுகிறாரா என்று நீங்கள் பக்கத்திலிருந்து கவனியுங்கள்; உதவ வேண்டாம். மூடி வைத்தால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி பேசுவோம். அப்போதும் நிலம் பேச்சில் வரக்கூடாது. அடமானக் கடனுக்கு வட்டி கட்டப்போவது மைத்துனர் அல்லர், நீங்கள். படிக்கப்போவதும் அவர் அல்லர். கலந்தாய்வின் விருப்பப் பட்டியலை உறவினர் எவரும் அருகில் இல்லாத நேரத்தில் மகளே வரிசைப்படுத்தட்டும். அவர் வைத்த வரிசையை மாற்றாமல் உறுதிசெய்யுங்கள்.