ஈஸ்ட் ஹாம்: உருளைக்கிழங்கு வயல் லண்டன் ஆன கதை (கேள்வி பதில்)

கிழக்கு லண்டனில் உள்ள ஈஸ்ட் ஹாம் நம்மவர்களுக்குக் கோயிலும் நகைக்கடையும் மளிகைக்கடையும் நிறைந்த இடமாகத்தான் தெரியும். நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அது எசெக்ஸ் மாவட்டத்தின் சிறு கிராமம். அந்த மாற்றத்தைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி (சென்னை வாசகர்): கிராமமாக இருந்த காலத்தில் அங்கே என்னதான் இருந்தது?

வடக்கே மேட்டு நிலம், தெற்கே தேம்ஸ் வரை சதுப்பு நிலம். சதுப்பில் மாடு மேய்த்தார்கள். மேட்டில் லண்டன் சந்தைக்குக் காய்கறி விளைவித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உருளைக்கிழங்குதான் முக்கிய விளைச்சல். கிழங்கு தோண்ட அயர்லாந்திலிருந்து கூலியாட்கள் வருவார்கள். சிலர் இங்கேயே தங்கியும் விட்டார்கள். பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தவர்களின் வரிசை அப்போதே தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்துச் சாட்சி ஒன்று இன்னும் நிற்கிறது: ஹை ஸ்ட்ரீட் சவுத்தின் தென்கோடியில் உள்ள புனித மேரி மக்தலேன் தேவாலயம். 12-ஆம் நூற்றாண்டு நார்மன் கட்டடம். இன்றும் வழிபாடு நடக்கிறது. உள்ளே போனால் பீடப் பகுதியின் சுவரைப் பாருங்கள். அரைவட்ட வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொண்டு போகும். பக்கத்தில் ஏ13 நெடுஞ்சாலையில் லாரிகள் விரைந்துகொண்டிருக்க, எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கல் அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தின் தொல்பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான வில்லியம் ஸ்டூக்லி 1765-இல் இந்தத் தேவாலய வளாகத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார்.

கேள்வி (ஹாரோ வாசகர்): ரயில் வந்ததால்தானே கிராமம் நகரமானது? எல்லாப் புத்தகங்களும் அப்படித்தான் சொல்கின்றன.

இதை நான் ஏற்பதில்லை. ஈஸ்ட் ஹாமில் ரயில் நிலையம் திறந்தது 1858-இல். அதன் பிறகும் நெடுங்காலம் வயல் வயலாகவே இருந்தது. மக்கள்தொகையைப் பாருங்கள்: 1851-இல் இரண்டாயிரத்துக்கும் குறைவு, 1891-இல் ஏறத்தாழ 33,000, 1901-இல் சுமார் 96,000, 1911-இல் 1,33,000-க்கு மேல். ரயில் வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் உண்மையான வெள்ளம் வருகிறது.

ரயில் இருந்தால் போதாது, தினமும் அதில் போய்வரக் கையில் காசும் வேண்டுமே. 1883-இல் மலிவு ரயில் சட்டம் வந்தது. அதிகாலை ரயில்களில் தொழிலாளருக்குக் குறைந்த கட்டண டிக்கெட் கொடுக்க வேண்டிய கடமை கம்பெனிகளுக்கு ஏற்பட்டது. லண்டன் நகரத்து அலுவலகங்களில் குமாஸ்தாக்களும் பெருகினார்கள். வயல் வைத்திருந்தவர்களுக்கு உருளைக்கிழங்கைவிட வீட்டுமனை லாபமாகப்பட்டது. இவையெல்லாம் ஒரே சமயத்தில் சேர்ந்ததால்தான் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு ஊரே முளைத்தது. 1901-இல் ஊராட்சியே சொந்தமாக மின்சார டிராம் விட்டது. 1903-இல் செங்கல்லில் கோபுரம் வைத்த நகர மண்டபம் திறக்கப்பட்டது. கிழங்கு தோண்டிய தலைமுறை தன் வாழ்நாளிலேயே இதையெல்லாம் பார்த்துவிட்டது.

கேள்வி (மதுரை வாசகர்): பெக்டன் எரிவாயு ஆலை ஈஸ்ட் ஹாமைச் சேர்ந்ததா?

ஆம், அது எழுந்தது ஈஸ்ட் ஹாமின் சதுப்பு நிலத்தில். 1870-இல் உற்பத்தி தொடங்கியது. ஆலையை நடத்திய கம்பெனியின் தலைவராக இருந்த சைமன் ஆடம்ஸ் பெக்கின் பெயரால் அந்த இடமே பெக்டன் ஆயிற்று. கப்பலில் வரும் நிலக்கரியை மூடிய உலைகளில் சூடாக்கி வாயு எடுத்து, லண்டன் தெருவிளக்குகளுக்கும் வீடுகளுக்கும் குழாய் வழியே அனுப்பினார்கள். உலகின் மிகப் பெரிய வாயு ஆலைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. 1880-இல் அதன் பக்கத்திலேயே ராயல் ஆல்பர்ட் கப்பல்துறையும் திறந்தது.

இங்கே சற்று நிறுத்திச் சொல்ல வேண்டியது, உலைகளுக்குக் கரி போட்டவர்களைப் பற்றி. பன்னிரண்டு மணி நேர வேலை. முறை மாறும் நாளில் பதினெட்டு மணி நேரம் வரை போகும். அந்த ஆலையில் வேலை பார்த்த வில் தோர்ன் 1889-இல் தொழிலாளரைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். அவருக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது. கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர் அவருக்கு உதவினார். சில மாதங்களில், வேலைநிறுத்தம் இல்லாமலே, எட்டு மணி நேர வேலை கிடைத்தது. ஈஸ்ட் ஹாமின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் இதுதான். அரசரும் பிரபுவும் இந்த ஊருக்குச் செய்ததைவிடக் கரி அள்ளியவர்கள் செய்தது அதிகம்.

கேள்வி (ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்கியவர்): தெருவுக்குத் தெரு வீடுகள் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றனவே, ஒரே ஆள் கட்டியதா?

தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித் தெரியும், நெருங்கிப் பாருங்கள். நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். சிறு மேஸ்திரிகள் நாலு மனை, ஆறு மனை என்று வாங்கிக் கடன் எடுத்துக் கட்டி, விற்ற காசில் அடுத்ததைக் கட்டினார்கள். அதனால் வரிசையில் ஐந்தாறு வீடு தாண்டியதும் ஜன்னலுக்கு மேலுள்ள பூவேலை மாறும், வாசல் வளைவு மாறும், செங்கல் நிறமும் சிறிது மாறும். அந்த மாற்றம் தெரியும் இடத்தில்தான் ஒரு மேஸ்திரியின் பணம் தீர்ந்து இன்னொருவர் தொடங்கியிருப்பார். வடக்கே ஃபாரஸ்ட் கேட் பக்கம் உட்கிரேஞ்ச் எஸ்டேட் மட்டும் வேறு மாதிரி. 1877-இல் கோர்பெட் குடும்பம் மொத்தமாக நிலத்தை வாங்கித் திட்டமிட்டுக் கட்டியது. அங்கே வசதியான குமாஸ்தாக்கள் குடியேறினார்கள்.

கேள்வி (கால்பந்து ரசிகர்): வெஸ்ட் ஹாம் அணியின் பழைய மைதானம் ஈஸ்ட் ஹாமில் இருந்தது என்கிறார்களே?

உண்மைதான். இரண்டு ஊர்களுக்கும் எல்லை கிரீன் ஸ்ட்ரீட். 1904 முதல் 2016 வரை அணி விளையாடிய போலின் மைதானம் அந்தத் தெருவின் கிழக்குப் பக்கம், அதாவது ஈஸ்ட் ஹாம் பக்கம். அருகிலிருந்த பழைய மாளிகையில் எட்டாம் ஹென்றி அரசரின் மனைவி ஆன் போலின் தங்கினார் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை.

கேள்வி (டொராண்டோ வாசகர்): எசெக்ஸ் எப்போது லண்டன் ஆனது?

காகிதத்தில் 1965-இல். ஈஸ்ட் ஹாமும் வெஸ்ட் ஹாமும் இணைந்து நியூஹாம் என்ற உள்ளாட்சிப் பகுதி பிறந்தது, கிரேட்டர் லண்டனின் பகுதியாக. வாழ்க்கையில் அதற்கு அறுபது எழுபது ஆண்டுகள் முன்பே லண்டன்தான்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவி): ஐயா, நம் சனம் அங்கே எப்போது போனது? அதையும் ஊர் வரலாற்றில் சேர்ப்பீர்களா?

கட்டாயம் சேர்ப்பேன், மகளே. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர் பெருமளவில் குடியேறிய லண்டன் பகுதிகளில் ஈஸ்ட் ஹாமும் ஒன்று. அதற்கு முன்பே பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். குமாஸ்தாக்களுக்காகக் கட்டிய அந்தச் சிறு வீடுகளுக்குத்தான் நம்மவரும் வந்தார்கள். இன்று ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் மகாலட்சுமி கோயில் இருக்கிறது. மேனர் பார்க்கில் ராஜகோபுரத்தோடு முருகன் கோயில் இருக்கிறது. இதை வரலாற்றின் பின்னிணைப்பாக எழுதுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அயர்லாந்துக் கூலியாளுக்கு எந்த அத்தியாயமோ, அதே அத்தியாயம்தான் நமக்கும்.

கேள்வி (அதே வீடு வாங்கியவர்): என் வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முதலில் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடுங்கள்; அந்த ஆண்டுப் படிவங்கள் குடும்பத்தலைவரின் கையெழுத்திலேயே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இருந்தவர்களின் பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் இருக்கும். பிறகு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பிரிட்டனின் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம். 1860-களின் வரைபடத்தையும் 1890-களின் வரைபடத்தையும் இன்றைய படத்தோடு பக்கத்தில் வைத்தால், உங்கள் சமையலறை எந்த வயலில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். கட்டட அனுமதி விவரங்களுக்கு நியூஹாம் உள்ளூராட்சியின் ஆவணக் காப்பகத்தில் விசாரியுங்கள். போகுமுன் தெருப் பெயர் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.