செட்டிநாட்டில் சைவச் சாப்பாடு: ஆச்சியிடம் கேள்வி பதில்

காரைக்குடியில் பிறந்து வளர்ந்து, உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் பந்திப் பொறுப்பைப் பார்த்துவரும் ஆச்சி ஒருவர், இந்தப் பக்கம் வருகிற சைவ உணவுக்காரர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு வாசகர்): வணக்கம் ஆச்சி. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி தரிசனத்துக்காகக் குடும்பத்துடன் வருகிறோம். முட்டையும் சேர்ப்பதில்லை. செட்டிநாடு என்றாலே கோழியும் ஆட்டுக்கறியும்தான் என்கிறார்களே, எங்களுக்குச் சாப்பிட என்ன இருக்கும்?

பதில்: அந்தப் பெயர் உணவகப் பலகைகளால் பரவியது. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுக் கல்யாணப் பந்தி இன்றும் சைவம்தான். ஆனால் அந்தப் பந்தியில் விழுகிற மண்டி என்ற புளிக்குழம்பும், திரக்கல் என்ற தேங்காய் அரைத்துவிட்ட காய்க் குழம்பும், கவுனி என்ற கறுப்பரிசியும் எல்லாக் கடைகளிலும் எல்லா நாளும் கிடைப்பவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகையால் காலைப் பலகாரத்தையும் மாலைப் பலகாரத்தையும் நம்பி வாருங்கள். மதியச் சாப்பாட்டை, பசி ஆறினால் போதும் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். சைவ உணவகங்களின் மதிய இலையில் விழுவது திருச்சியிலும் மதுரையிலும் கிடைக்கிற அதே சாம்பார், ரசம், கூட்டு, பொரியல்தான். அதில் எங்கள் ஊர்க் கைமணத்தைத் தேடிப் பயனில்லை.

காலையில் இட்லி அல்லது இடியாப்பத்துக்குக் கத்திரிக்காய்க் கோசமல்லி (வேகவைத்து மசித்துப் புளி சேர்த்தது) இருக்கிறதா என்று கேளுங்கள். மாலையில் வெள்ளைப் பணியாரம் எங்கே ஊற்றுகிறார்கள் என்று விசாரியுங்கள். ஓர் ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து எடுப்பதுதான் அதற்கு வீட்டுக் கணக்கு. ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால், மாவு அடியில் போய்த் தட்டையாக விரிந்து, பிறகு தானே உப்பி மேலே வரும். சிவக்க விடாமல் எடுத்து, வரமிளகாய்ச் சட்னியுடன் சூட்டோடு சாப்பிட வேண்டும். ஆறினால் அதன் மகிமை போய்விடும். இதில் முட்டைக்கு வேலையே இல்லை.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி): நீங்கள் சொன்ன மண்டி, திரக்கல் போன்றவற்றை வெளியூர்க்காரர்கள் எங்கே சாப்பிடுவது? விலை அதிகமானாலும் பரவாயில்லை.

பதில்: முன்கூட்டிச் சொல்லிவைத்தால் கிடைக்கும். காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம் போன்ற பாரம்பரிய விடுதிகளில் இலை போட்டுச் செட்டிநாட்டு விருந்து பரிமாறுகிறார்கள். தங்காதவர்கள் சாப்பாட்டுக்கு மட்டும் போவதானால், முதல் நாளே தொலைபேசியில் பேசி, எத்தனை பேர், எத்தனை இலை சைவம் என்று சொல்லிவிடுவது நல்லது. சொல்லும்போது "வெஜிடேரியன் மீல்ஸ்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடாமல், வெண்டைக்காய் மண்டி, உருளைக்கிழங்குத் திரக்கல், வாழைப்பூக் கோலா (பருப்புடன் அரைத்துப் பொரித்த உருண்டை) என்று பண்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்கிறவருக்குச் சமையல்காரர் செய்கிற சமையலே வேறு.

மண்டி என்பது அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்து, வெண்டைக்காய், மொச்சை, பலாக்கொட்டை, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் சேர்த்துக் குழையக் கொதிக்கவைப்பது. மசாலாப் பொடியை அள்ளிக் கொட்டிய எதுவும் செட்டிநாட்டுச் சமையல் என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாம். கவுனி அரிசி வேண்டுமென்றாலும் முதல் நாளே சொல்ல வேண்டும். இரவெல்லாம் ஊறாமல் அந்தக் கறுப்பரிசி வேகாது.

கேள்வி (பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்): அலுவலக நண்பர்களுடன் வருகிறேன். அவர்கள் அசைவ மெஸ்ஸுக்குத்தான் போவார்கள். நான் மட்டும் சைவம். அங்கேயே சாப்பிடலாமா?

பதில்: எவ்வளவு கண்டிப்பு என்பதைப் பொறுத்தது. இலையில் கறி விழாமல் இருந்தால் போதும் என்பவர் தாராளமாகப் போகலாம். பாத்திரமும் கரண்டியும் வேறாக இருக்க வேண்டும் என்பவர் போகக் கூடாது. போய் உட்கார்ந்துகொண்டு பரிமாறுகிறவரைக் குடைவது இரு தரப்புக்கும் சங்கடம்.

பந்தியைக் கவனித்தால் உங்களுக்கே விளங்கும். சாம்பார், கறிக்குழம்பு, மீன் குழம்பு, ரசம் ஆகிய நான்கும் ஒரே தூக்கில் நான்கு வாளிகளாக வரும். பரிமாறுகிறவர் அவசரத்தில் மீன் குழம்புக் கரண்டியைச் சாம்பார் வாளியில் போட்டுவிட்டுப் போவார்; அதை அங்கே யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஆகவே உட்கார்ந்ததும் "எனக்குச் சைவம், உள்ளேயிருந்து தனியாகச் சாம்பார் கொடுத்துவிடுங்கள் அண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டம் ஏறுவதற்கு முன், பன்னிரண்டரை மணி வாக்கில் போனால் இந்த வேண்டுகோள் காதில் விழும். ஒன்றரை மணிக்குப் போனால் விழாது.

பொரியலையும் கேட்டே வாங்குங்கள். முருங்கைக்கீரையில் முட்டையை உடைத்து ஊற்றிப் புரட்டுவது இங்கே சாதாரணம். ரசம் என்று வருவது சில நாள் நண்டு ரசமாகவோ எலும்பு ரசமாகவோ இருக்கும். மோரும் அப்பளமும் ஊறுகாயும் பயமில்லாதவை.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): இரவு எட்டு மணிக்கு மேல் புரோட்டாக் கடையும் பிரியாணிக் கடையும்தான் கண்ணில் படுகின்றன. வெறும் புரோட்டாவும் சால்னாவும் வாங்கலாமா ஆச்சி? குஸ்கா சைவம்தானே?

பதில்: குஸ்கா சைவமில்லை தம்பி. பெரும்பாலான கடைகளில் அது கோழி அல்லது ஆட்டுப் பிரியாணி அண்டாவிலிருந்து துண்டு இல்லாமல் அள்ளிக் கொடுக்கிற சோறு. கறி கண்ணுக்குத் தெரியாது. அதன் சாறும் கொழுப்பும் ஒவ்வொரு பருக்கையிலும் இருக்கும். வெறும் சால்னாவின் கதையும் இதுதான்: துண்டு போடாத சால்னா என்றுதான் அர்த்தம், அடியில் கொதித்தது பல கடைகளில் எலும்புதான். புரோட்டா மாவிலேயே முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு. சேர்க்காவிட்டாலும், அதே கல்லில்தான் சற்று முன்பு கொத்துப் புரோட்டாவும் ஆம்லெட்டும் போட்டிருப்பார்கள்.

துரித உணவுக் கடைகளில் காலிஃபிளவர் 65 கேட்பவர்கள், அது பொரிகிற வாணலியைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். சிக்கன் 65 பொரித்த எண்ணெயில்தான் பெரும்பாலும் அதுவும் பொரிகிறது. இரவில் சைவ உணவகத்துத் தோசை அலுப்பாக இருந்தாலும், அதையே சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மசாலாவில் கல்பாசி போடுகிறார்களே, அது கடலிலிருந்து வருவதா? சைவமா?

பதில்: கடலிலிருந்து வருவதல்ல; பாறையிலும் மரப்பட்டையிலும் படர்கிற லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வளர்வது. சைவமே.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகி): என் மாமியார் வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. அவரை எங்கே அழைத்துப் போவது?

பதில்: இதுதான் கடினமான கேள்வி. சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எங்கள் அடுப்படி நகராது. சாம்பாரிலும் வெங்காயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால், வெண்பொங்கல், வெங்காயம் தாளிக்காத தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம் ஆகியவற்றில் காலத்தை ஓட்டலாம். தாளிப்பைக் கேட்டுக்கொள்வது அவசியம். கோயில் பிரசாதக் கடையில் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் கிடைத்தால் அவருக்கு மதியம் கழிந்துவிடும். பாரம்பரிய விடுதியில் முதல் நாளே சொன்னால் தனியாகச் செய்து தரக்கூடும். ஆனால் சமையல்காரரின் கை அந்தப் பழக்கத்துக்கு வராததால், சுவையில் குறை காணாதீர்கள்.

கேள்வி: ஜிகர்தண்டாவில் வழவழவென்று இருப்பது ஜெலட்டினா?

பதில்: பாதாம் பிசின் என்றால் மரத்துப் பிசின், கடல்பாசி என்றால் கடற்தாவரம், இரண்டும் சைவம். நிறம் போட்ட ஜெல்லித் துண்டுகள் மிதந்தால் மட்டும் கேளுங்கள், ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்): ஊருக்குத் திரும்பும்போது பலகாரம் வாங்கிப் போக விரும்புகிறேன். எவை கெடாமல் தாங்கும்? சைவம்தானா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம், மாவுருண்டை ஆகியவை தாங்கும். கந்தரப்பமும் சீயமும் அன்றே தின்று தீர்க்க வேண்டியவை. அவற்றை விமானத்தில் ஏற்றாதீர்கள். வீடுகளில் கைமுறுக்குச் சுற்றிப் பலகாரம் போட்டு விற்பவர்களிடம் வாங்குவதானால், அன்று போட்டதைக் கேட்டு, ஒன்றை வாயில் போட்டு எண்ணெய்ச் சிக்கு வாடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். உறையில் அடைத்து விற்பதானால், சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமும், அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணமும் இருக்க வேண்டும். அசைவக் குறி முன்பு வட்டமாக இருந்து, 2020ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு முக்கோணமானது. அதே உறையில் 14 இலக்க உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும். பேக்கரியில் வாங்கும் கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் இந்தக் குறி இல்லையென்றால், முட்டை சேர்த்ததா என்று கல்லாவில் இருப்பவரைக் கேட்காமல், உள்ளே அடுப்பில் நிற்பவரைக் கேளுங்கள்.