பாயின்ட்ஸில் போட்ட ரூமுக்குப் போகாவிட்டால் பணம் பிடிப்பார்களா?

புதுச்சேரி ஹோட்டல் ஒன்றில், தங்கித் தங்கிச் சேர்த்த ரிவார்டு பாயின்ட்ஸைக் காசுக்குப் பதிலாகக் கொடுத்து இரண்டு இரவுக்கு ரூம் போட்டிருக்கிறீர்கள், போக முடியாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். காசு கொடுக்காத ரூம்தானே என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். புக்கிங்கில் கார்டு நம்பர் வாங்குவது பெரும்பாலும் இதற்குத்தான். சில இடங்களில் பாயின்ட்ஸ் அப்படியே போய்விடும். சில இடங்களில் பாயின்ட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு இரவு வாடகையைக் கார்டில் பிடிப்பார்கள். உங்களுக்கு எது என்பதை கன்ஃபர்மேஷன் மெயிலில் ரத்து விதிகள் உள்ள பகுதியில் பாருங்கள்.

முதல் இரவு வராவிட்டால் அடுத்த இரவையும் பல ஹோட்டல்கள் ரத்து செய்துவிடும். அதுதான் பெரிய நஷ்டம். ஈசிஆரில் மழையில் மாட்டி விடியற்காலைதான் வந்து சேர்வீர்கள் என்றால், உடனே ரிசப்ஷனுக்கு ஃபோன் செய்துவிட்டு, ஒரு மெயிலும் போட்டு வையுங்கள். அப்புறம், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததே, அந்த மாதிரி நேரத்தில் மேலாளரிடம் நேரடியாகக் கேளுங்கள், விட்டுக்கொடுக்க வாய்ப்பு உண்டு.