மாமா சொல்கிறார் என்று வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்காதீர்கள்

அம்மா, பையனைப் பைலட் ஆக்க வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கச் சொல்கிறார் மாமா. நீங்களோ ஜாம்ஷெட்பூர் விமான விபத்துச் செய்தியைப் படித்ததிலிருந்து தூக்கமே வரவில்லை என்றீர்கள். 2024 ஆகஸ்ட் 20 அன்று அங்குள்ள சோனாரி விமான தளத்தில் இருந்து கிளம்பிய செஸ்னா 152 பயிற்சி விமானம் சாண்டில் அணையில் விழுந்ததில், கற்றுக்கொடுத்த கேப்டன், கற்றுக்கொண்டிருந்த இளைஞர் இருவருமே இறந்துபோனார்கள். பயம் வரத்தான் செய்யும். ஆரம்பத்தில் மாணவரைத் தனியாக ஓட்ட விடமாட்டார்கள், பக்கத்திலேயே பயிற்சியாளர் இருப்பார், அவர் கையிலும் கட்டுப்பாடு இருக்கும் என்று சொல்லி உங்களைத் தேற்றலாம்.

ஆனால் உங்கள் வீட்டுப் பிரச்சினை அது இல்லை. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு 50 லட்சத்தைத் தாண்டும். அப்புறம் பெரிய விமானம் ஓட்ட டைப் ரேட்டிங் என்ற கூடுதல் தகுதி வேண்டும், அதற்குத் தனியாகப் பல லட்சம். இவ்வளவும் முடித்தாலும் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது, வட்டி மட்டும் நிற்காமல் ஏறும். "குடும்பத்துக்கே பெருமை" என்கிற மாமாவா தவணை கட்டப்போகிறார்? வீடு உங்களுடையது.

பையனிடம் "ஓட்ட ஆசையா?" என்று கேட்டபோது அவன் பதில் சொல்லவில்லை, கவனித்தீர்களா? போனில், எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஃபிளைட்ரேடார் செயலியைத் திறந்தான். சென்னைக்கு வரும் விமானங்களில் எது வரிசையில் நிற்கிறது, எது ஏன் வட்டமடிக்கிறது என்று அவ்வளவு நேரம் விளக்கினானே! அவன் மனசு காக்பிட்டில் இல்லை, கன்ட்ரோல் டவரில் இருக்கிறது.

ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் வேலையைப் பற்றி உறவில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பயிற்சி விமானம் ஒன்று ஆபத்தில் சிக்கி "மேடே" என்று உதவி கேட்டுக் கூப்பிட்டால், மற்ற விமானங்களை விலக்கி, ஓடுபாதையைக் காலி செய்து, தீயணைப்பு வண்டியைத் தயாராக நிறுத்தவைப்பவர் அவர்தான். மேல்வானில் ஒரு விமானத்துக்கு மேல் இன்னொன்று போனால் குறைந்தது 1,000 அடி இடைவெளி வேண்டும். அந்தக் கணக்கை மனதிலேயே போட்டபடி நிதானமான குரலில் பேச வேண்டும்.

இந்த வேலைக்கு இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் என்ற பதவியில் ஆள் எடுக்கிறது. இயற்பியலும் கணிதமும் உள்ள மூன்றாண்டு ரெகுலர் பி.எஸ்சி. போதும், பி.இ.யும் சரி. வயது வரம்பு 27, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. கணினித் தேர்வுக்குப் பிறகு குரல் தேர்வு, உளவியல் மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் இருக்கும். ஆங்கிலத்தைத் தெளிவாகப் பேச வேண்டும், அதை இன்றே ஆரம்பிக்கட்டும். தேர்வானால் பிரயாக்ராஜ் போன்ற மையங்களில் ஆணையமே பயிற்சி தருகிறது. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயில் தொடங்குகிறது.

கஷ்டமும் உண்டு. ராத்திரி ஷிஃப்ட், கடும் போட்டி. ஆள் எடுப்பு ஒவ்வோர் ஆண்டும் வரும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால்தான் பி.எஸ்சி. என்கிறேன். அரசுக் கல்லூரியில் படித்தால் கட்டணம் குறைவு, எம்.எஸ்சி., பி.எட். என்று வேறு வழிகளும் திறந்திருக்கும்.

கல்லூரி விண்ணப்பம் வந்ததும் அழைத்து வாருங்கள். மதிப்பெண் சான்றிதழில் இயற்பியல், கணிதம் இரண்டும் வருகிற பாடப்பிரிவாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம். அதுவரை வங்கியில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாமாவிடம் நான் பேசுகிறேன்.