கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் 11 வருஷமாக லேத் ஓட்டுகிறேன். ஆர்டர் இல்லையாம், ‘நானே விலகுகிறேன்’ என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். ராத்திரி தூக்கமே இல்லை சார்.
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: போடாதீங்க தம்பி. ராஜினாமா செய்தால் பி.எஃப்., கிராஜுவிட்டியோடு சரி. அவர்களே ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரணும். கூடவே வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடு. உங்களுக்கு 165 நாள் சம்பளம். கிராஜுவிட்டி அதற்கு மேல், தனி. கடிதத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று இப்போது புரிகிறதா?

மணலியில் நான் சங்கம் பார்த்த காலத்திலும் ஒவ்வொருத்தராக ரூமுக்குக் கூப்பிட்டுத்தான் காரியத்தை முடிப்பார்கள். தனியாகப் போகாதீங்க. சம்பள ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்க. வீட்டில் சொல்லிட்டீங்களா? முதலில் அதைச் செய்யுங்க, சொல்லாமல் மறைக்கிறதில்தான் பாதித் தூக்கம் போகுது.